ஒன்பது நோட்டு நிறைய எழுதியாயிற்று, ஒரு அத்தியாயம் எழுத வரவில்லை: ஆய்வுக் குறிப்பு எப்படி எடுக்கிறீர்கள்?

சேலம்_சந்திப்பு (இழை தொடங்கியவர்)

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் புலம்பப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முனைவர் பட்ட ஆய்வு, மூன்றாம் வருடம். தலைப்பு தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876–78, அதில் சேலம் மாவட்டத்தில் நடந்த நிவாரண வேலைகள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மாதத்துக்கு எட்டு நாள், பத்து நாள் என்று ஒன்றரை வருடம் உட்கார்ந்திருக்கிறேன். வருவாய் வாரிய நடவடிக்கைகள், ஜி.ஓ.க்கள் (அரசாணைகள்), கலெக்டர் கடிதங்கள் என்று கையால் எடுத்த குறிப்பு ஒன்பது நோட்டு சேர்ந்துவிட்டது. எல்லாம் இருநூறு பக்க நோட்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அந்த அடுக்கைக் காட்டாமல் அனுப்பமாட்டார்.

போன வாரம் இரண்டாம் அத்தியாயத்தை நெறியாளரிடம் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஒரு பத்தியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், ஓரத்தில் இரண்டே சொல்: "யார் பேசுவது?"

அந்தப் பத்தியில் நான் எழுதியிருந்தது இது: கூலி அதிகமாக இருந்ததால் தேவையில்லாதவர்களும் வேலைத்தலத்துக்கு வந்து குவிந்தார்கள், குறைத்த பிறகுதான் கூட்டம் கட்டுக்குள் வந்தது. படித்துப் பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இது என் கருத்தே இல்லை. 1877-இல் ஏதோ ஒரு அதிகாரி தன் மேலதிகாரிக்குச் சொன்ன சமாதானம். நோட்டைப் புரட்டினேன், நாலாவது நோட்டில் அந்த வரி இருக்கிறது, மேற்கோள் குறி இல்லை, கோப்பு எண் இல்லை, யார் எழுதியது என்பதும் இல்லை. என் கையெழுத்தில், என் தமிழில், என் கருத்து மாதிரியே உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் ஒன்பது நோட்டையும் பார்த்தேன். பாதிக்கு மேல் இதே கதைதான். ஆவணம் சொன்னது எது, நான் சுருக்கியது எது, பஸ்ஸில் யோசித்து எழுதியது எது என்று பிரிக்கவே முடியவில்லை. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்? மொத்தத்தையும் முதலிலிருந்து எடுக்க வேண்டுமா?

---

மரவட்டை

நெறியாளரை மாற்றாதீர்கள். இரண்டு சொல்லில் இவ்வளவு சரியாகச் சொல்லும் ஆள் லேசில் கிடைக்காது.

---

பழுப்புத்தாள்

தம்பி (தங்கை என்றால் மன்னிக்கவும்), இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பழைய அரசு ஆவணம் படிக்கிற எல்லாருக்கும் நேர்வதுதான். அந்த அதிகாரிகள் சும்மா எழுதவில்லை, மேலே இருப்பவரை நம்பவைக்க எழுதினார்கள். நாள் முழுக்க அதையே படித்து, அதையே சுருக்கி எழுதினால் சாயங்காலத்துக்குள் அவர்கள் குரல் நம் தொண்டைக்குள் வந்துவிடும்.

என் முறையைச் சொல்கிறேன், பதினாறு வருடமாகச் செய்வது. தாளில் முதலில் எழுதுவது தலைவரி. துறை, ஜி.ஓ. எண், தேதி, யாரிடமிருந்து யாருக்கு, பக்கம். ஆவணத்தில் ஒரு வரி படிப்பதற்கு முன்பே இதை எழுதிவிடுவேன். படித்த பிறகு எழுதலாம் என்றால் எழுதமாட்டோம், ஏனென்றால் படித்ததில் ஏதோ சுவாரசியமாகச் சிக்கியிருக்கும், கை அங்கேதான் ஓடும். "யாரிடமிருந்து யாருக்கு" என்பதை விடவே கூடாது. அது இருந்திருந்தால் உங்களுக்கு அந்தச் சிவப்பு வட்டமே விழுந்திருக்காது.

அப்புறம் இடது ஓரத்தில் ஓர் எழுத்து. ஆவணத்தில் உள்ளது உள்ளபடியே என்றால் "ஆ", நான் சுருக்கியது என்றால் "சு", என் யோசனை என்றால் "நா". பத்தி மாறும்போதெல்லாம் எழுத்தும் மாறும். முதல் ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும்.

இன்னொன்று. ஆவணம் ஆங்கிலத்தில் இருந்தால் மேற்கோளை ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், உங்கள் யோசனையைத் தமிழில் எழுதுங்கள். பத்து வருடம் கழித்து நோட்டைத் திறந்தாலும் எது யாருடையது என்று தூரத்திலிருந்தே தெரியும். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்குக் கிடைத்திருக்கும் வசதி இது, விட்டுவிடாதீர்கள்.

---

சேலம்_சந்திப்பு

தங்கைதான் அக்கா :)

அந்த மொழி விஷயத்தில்தான் நான் மோசம் போயிருக்கிறேன். ஆய்வேடு தமிழில் எழுதுகிறேன், அதனால் படிக்கும்போதே தமிழாக்கி எழுதிக்கொண்டால் வேலை மிச்சம் என்று நினைத்தேன். இப்போது மூன்றாம் நோட்டில் ஒரு வரி: "ஓமலூர்ப் பக்கம் மார்ச்சில் கூலி குறைந்தது." கூலி என்றால் தினக்கூலியா, வேலையாட்களா? அந்த ஆங்கில ஆவணங்களில் வேலையாளைத்தான் கூலி என்று எழுதுவார்கள், நமக்கோ கூலி என்றால் பணம். இரண்டில் எது குறைந்தது என்பதுதான் அந்த அத்தியாயத்தின் வாதமே. மறுபடி போய்ப் பார்க்கலாம் என்றால் கோப்பு எண் எழுதவில்லை.

---

பழுப்புத்தாள்

ஐயோ. இதைவிட நல்ல உதாரணம் நான் பாடம் நடத்தும்போதுகூடக் கிடைத்ததில்லை.

மொழிபெயர்ப்பு என்பது குறிப்பு எடுத்து முடித்த பிறகு வரும் வேலை, எடுக்கும்போது வேண்டாம். சந்தேகமான சொல்லை அப்படியே விட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். பஞ்ச ஆவணங்களில் "டிசர்விங்" என்று ஏழைகளைப் பிரிப்பார்கள் பாருங்கள், அதைக் குறிப்பிலேயே "தகுதியான ஏழை" என்றோ "உண்மையான ஏழை" என்றோ மாற்றி எழுதிவிட்டால், யார் அந்தத் தகுதியை முடிவு செய்தது என்ற கேள்வியே காணாமல் போய்விடும்.

---

மரவட்டை

சரி, என் பங்குக்கு. வருடம், அளவு, எண். இந்த மூன்றிலும் குறிப்பில் சோம்பேறித்தனம் காட்டினால் பின்னால் கண்ணீர்தான்.

வருடம்: "தாது வருஷம்" என்று மட்டும் எழுதி வைத்தால் அது 1876-உம் ஆகலாம், 1936-உம் ஆகலாம். அறுபது வருடச் சுற்று. நீங்கள் பஞ்சத்தைப் படிப்பதால் இப்போது குழப்பம் வராது, ஆனால் ஊரில் ஒரு தாத்தாவிடம் கேட்டு எழுதும்போது அவர் தன் தாத்தா பிறந்த வருஷத்தைச் சொல்கிறாரா, தன் அப்பா அம்மா கல்யாணத்தைச் சொல்கிறாரா என்று பின்னால் தெரியாது. வருவாய்க் கணக்கு என்றால் பசலி ஆண்டு வரும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருடம், ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. இதை மண்டையிலேயே மாற்றி "1876" என்று எழுதினீர்கள் என்றால் 1877 ஜனவரிக்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரு வருடம் முன்னால் போய்விடும். ஆவணத்தில் இருப்பதை எழுதுங்கள், மாற்றியதை அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

அளவு: படி, பவுண்டு, காணி, ஏக்கர், அணா, பைசா. நீங்கள் படிக்கும் காலத்துப் பைசா இப்போதைய பைசா இல்லை. அணாவுக்கு 4 பைசா, அதாவது 12 பை, ரூபாய்க்கு 16 அணா. 1957-இல் வந்த நயா பைசாவை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காணி 1.32 ஏக்கர். இதையும் குறிப்பில் மாற்றாதீர்கள்.

எண்: பஞ்சத்தில் இறந்தவர்கள் இத்தனை லட்சம் என்று எழுதியிருப்பீர்கள். எந்த எல்லைக்குள்? மெட்ராஸ் மாகாணம் மட்டுமா, மைசூரும் சேர்த்தா, பம்பாயும் ஹைதராபாத்தும் சேர்ந்ததா? யார் கணக்கு, 1871 கணக்கெடுப்பையும் 1881 கணக்கெடுப்பையும் ஒப்பிட்டு ஊகித்ததா, ஊரில் பதிவான சாவை எண்ணியதா? 55 லட்சம் என்றும் எழுதுகிறார்கள், கோடியை ஒட்டியும் எழுதுகிறார்கள். இடமும் ஆளும் இல்லாமல் வெறும் எண்ணை எழுதி வைத்தால் அது குப்பை.

---

கீபோர்டு_கிச்சா

இந்தக் காலத்தில் ஏன் இன்னும் நோட்டு? ஜோடெரோ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம், 2006-லிருந்து இருக்கிறது. நூல், கட்டுரை விவரமெல்லாம் அதுவே எடுத்துக்கொள்ளும். பிடிஎஃப்பில் மஞ்சள் அடித்தால் பக்க எண்ணோடு குறிப்பாக உருவிக் கொடுக்கும். யார் பேசுவது என்ற கேள்வியே எழாது.

---

மரவட்டை

> யார் பேசுவது என்ற கேள்வியே எழாது

தம்பி, 1877 கலெக்டர் கடிதத்தை யார் பிடிஎஃப் ஆக்கித் தந்தார்கள்? கோப்புக் கட்டைப் பிரித்தால் தாள் விரலோடு உதிர்ந்து வருகிறது. மஞ்சள் அடிப்பது குறிப்பு எடுப்பதே இல்லை. படித்தேன் என்பதற்கு நாமே போட்டுக்கொள்ளும் வருகைப் பதிவு அது.

---

கீபோர்டு_கிச்சா

கடிதம் சரி, அந்தப் பஞ்சத்தைப் பற்றி டிக்பி எழுதிய நூல் அச்சில் இருக்கிறதே சார். மஞ்சள் அடித்துவிட்டு ஓரத்தில் ஒரு வரி எழுதினால் அது குறிப்புதான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். குறிப்புச் செயலி என்று நான் முதலில் வைத்திருந்தது எவர்நோட், அப்புறம் ஒன்நோட், அப்புறம் நோஷன், இப்போது அப்சிடியன். ஒவ்வொரு முறை மாறும்போதும் ஒரு மாதம் போயிற்று, அந்த மாதங்களில் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. அப்சிடியனில் நின்றதற்கு ஒரே காரணம், எல்லாம் வெறும் எழுத்துக் கோப்பாக என் கணினியிலேயே இருக்கிறது. அந்த நிறுவனம் நாளைக்கே மூடினாலும் நோட்பேடில் திறக்கலாம். சங்கிலிபோலக் குறிப்புகளைக் கோக்கும் படம் ஒன்று காட்டும், பார்க்க அழகாக இருக்கும், அதனால் எனக்கு இதுவரை ஒரு பைசா பிரயோசனம் இல்லை (மரவட்டை சார், எந்தப் பைசா என்று கேட்காதீர்கள்).

---

நுண்ணோக்கி

நான் உயிரியல் ஆய்வகம், உங்கள் உலகம் வேறு. ஆனால் எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு, அது உங்களுக்கும் உதவும். ஆய்வக நோட்டில் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது. தப்பாக எழுதியதன் மேல் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், பக்கத்தில் தேதி. அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் என்பதும் தரவுதான். ஆறு மாதம் கழித்து முடிவு மாறும்போது, எப்போது மாறியது, ஏன் மாறியது என்று பார்க்க வேறு வழி கிடையாது.

கையா கணினியா என்ற சண்டைக்கு: 2014-இல் ஒரு ஆய்வு வந்தது, மடிக்கணினியில் குறிப்பு எடுத்த மாணவர்கள் பேச்சை வரிக்கு வரி தட்டினார்கள், கருத்து சார்ந்த கேள்விகளில் கையால் எழுதியவர்களைவிடப் பின்தங்கினார்கள் என்று. எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். 2021-இல் வேறு குழு அதையே திரும்பச் செய்து பார்த்தது. மடிக்கணினிக்காரர்கள் வரிக்கு வரி தட்டியது அதிலும் தெரிந்தது, மதிப்பெண்ணில் மட்டும் அப்படிப் பின்தங்கவில்லை. ஆக, அது வகுப்பில் உட்கார்ந்து எடுக்கும் குறிப்பைப் பற்றிய விவாதம். ஒன்றரை வருடம் காப்பகத்தில் உட்காருபவருக்கு அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது.

நாளின் கடைசி இருபது நிமிடம் எதையும் படிக்காமல் நோட்டை மூடி வைத்துவிட்டு இன்றைக்கு என்ன தெரிந்தது என்று அரைப் பக்கம் எழுதுங்கள். எனக்கு வருட முடிவில் கட்டுரையாக மாறுவது அந்த அரைப் பக்கங்கள்தான், மற்றதெல்லாம் ஆதாரம்.

---

சேலம்_சந்திப்பு

அந்த அரைப் பக்கம் நல்ல யோசனை. ஐந்து மணிக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவேன், ரயிலில் தூங்கிவிடுவேன்.

செல்போனில் எடுத்த படங்களும் இருக்கின்றன. 2,300 சொச்சம். எல்லாம் கேமரா தானாகப் போட்ட எண்.

---

கீபோர்டு_கிச்சா

அக்கா, படத்துக்கு ஒரு வழி. அனுமதி உள்ள இடத்தில் படம் எடுக்கும்போது முதலில் கட்டின் மேலட்டையை எடுங்கள், அப்புறம் உள்ளே இருப்பது, கட்டு முடிந்ததும் வெறும் உள்ளங்கையை ஒரு படம். வரிசையாகப் பார்க்கும்போது உள்ளங்கை வந்தால் அடுத்த கட்டு தொடங்குகிறது என்று அர்த்தம். அன்று இரவே அந்தந்தக் கட்டுக்கு ஒரு அடைவு போட்டு எண்ணைப் பெயராக வையுங்கள். பழைய 2,300-க்கு நேரத்தைப் பார்த்துப் பிரிக்கலாம், காப்பகத்தில் எந்த நாள் எந்தக் கட்டைக் கேட்டீர்கள் என்ற சீட்டு வைத்திருந்தால்.

---

சேலம்_சந்திப்பு

சீட்டு இருக்கிறது!!! எல்லாச் சீட்டும் பர்ஸிலும் நோட்டு அட்டைக்குள்ளும் கிடக்கிறது. அம்மா தூக்கிப் போடச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

---

கொப்பிக்காரி

நான் யாழ்ப்பாணம். உங்கள் எல்லாருடைய கதையையும் வாசித்துக்கொண்டு வந்தேன், ஒன்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

என் பெரியப்பா எழுபதுகளில் எங்கள் ஊர்க் கோயில் வரலாறு எழுத வேண்டும் என்று யாழ் பொது நூலகத்துக்குப் போய்ப் போய்ப் பார்த்து எழுதிய கொப்பிகள் ஏழு எங்களிடம் இருக்கின்றன. நல்ல கையெழுத்து. ஒரு கொப்பியில் நாற்பது பக்கத்துக்கு ஏதோ ஒரு பழைய கையெழுத்துப் பிரதியை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார். எந்தப் பிரதி, யாருடையது, என்ன இலக்கம், ஒன்றுமில்லை. பிறகு போய்ப் பார்த்து எழுதலாம் என்று நினைத்திருப்பார், நூலகம் சைக்கிளில் போகிற தூரம்தானே. 1981 மே 31 இரவு தொடங்கி எரித்தார்கள். சுமார் 97,000 நூல்கள் என்பார்கள்.

இப்போது அந்த நாற்பது பக்கத்தில் இருப்பது வேறெங்கும் இருக்கிறதா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் காட்டினேன், ஆசையோடு வாசித்தார், ஆனால் இதை எதன் பெயரால் மேற்கோள் காட்டுவது என்று கேட்டார். பெரியப்பாவின் கொப்பி என்றுதான் போட வேண்டும். இடைக்கிடை அவர் தன் கருத்தையும் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன், பேனை மை ஒன்றுதான், பிரிக்க முடியவில்லை.

---

பழுப்புத்தாள்

கொப்பிக்காரி, அந்தக் கொப்பிகளைப் படம் எடுத்து நூலகம் திட்டத்துக்குக் கொடுத்துவிட்டீர்களா? 2005-லிருந்து ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவில் சேர்க்கிறார்கள். பெரியப்பா எந்த வருடம் எழுதினார், எந்த நூலகத்தில் என்று உங்களுக்குத் தெரிந்ததை மேலே ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். அந்தத் தாளும் ஓர் ஆவணம்.

---

கொப்பிக்காரி

மூன்று கொப்பி படம் எடுத்தாயிற்று. மிச்சம் வருகிற மாதம். தாள் விஷயம் யோசிக்கவில்லை, நன்றி அக்கா.

---

விரிவுரை_வேலு

ஒரு ஜெர்மானியச் சமூகவியலாளர், நிக்லாஸ் லூமன், சுமார் 90,000 அட்டைகளில் குறிப்பு எழுதிப் பெட்டிகளில் வைத்து அதிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். ஒரு அட்டைக்கு ஒரு யோசனை, ஒவ்வொன்றுக்கும் எண், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி. நீங்கள் ஏன் நோட்டை விட்டு அட்டைக்கு மாறக் கூடாது?

---

மரவட்டை

வந்துவிட்டார் லூமன். குறிப்பைப் பற்றி இழை தொடங்கினால் மூன்றாம் நாள் அவர் வந்தே தீருவார். அவர் எழுதியது கோட்பாடு ஐயா, இந்தப் பெண் கோப்போடு மல்லுக்கட்டுகிறது. ஒரு அட்டைக்கு ஒரு யோசனை என்று வெட்டினால், ஒரே கட்டில் அடுத்தடுத்து வந்த மூன்று கடிதம் மூன்று பெட்டிக்குப் போய்விடும். எது எதற்குப் பதில் என்பதே அங்கே செய்தி.

அந்தக் கூலி விவகாரத்தையே எடுங்கள். 1877-இல் இந்திய அரசு பஞ்சத்தைப் பார்க்க அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வந்து ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்றார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் போதாது, குறைந்தது ஒன்றரை பவுண்டு வேண்டும் என்று எதிர்த்து எழுதினார். இரண்டையும் தனித்தனி அட்டையில் போட்டால் இரண்டு "கருத்து". ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் ஒரு சண்டை. இவருடைய சிவப்பு வட்டப் பத்தி அந்தச் சண்டையில் ஒரு பக்கத்து வக்கீலின் வாதம், அவ்வளவுதான்.

---

விரிவுரை_வேலு

அட்டையில் எண் போட்டால் வரிசை காணாமல் போகாது சார், முறையே அதற்குத்தான். ஆனால் காப்பகத்துக்குள் உட்கார்ந்து செய்ய முடியாது என்பது சரி, வீட்டுக்கு வந்து செய்யும் இரண்டாம் கட்ட வேலை அது.

வேறொன்று: டிக்பி 1878-இல் இரண்டு தொகுதியாகப் பஞ்சத்தைப் பற்றி எழுதினாரே, அதில் அரசு ஆவணங்களை நீளநீளமாக எடுத்துப் போட்டிருப்பார். அதிலிருந்து எடுத்ததை நேரே கோப்பிலிருந்து எடுத்த மாதிரி குறிப்பில் எழுதிவிடாதீர்கள். "டிக்பி வழியாக" என்று இருக்கட்டும். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கிருந்து வரும்.

---

பழுப்புத்தாள்

வேலு சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018-இல் வந்த யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறையில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்துக்கு மேல் போனால் நடவடிக்கை உண்டு. திருட வேண்டும் என்று நினைத்துச் செய்பவர்கள் கொஞ்சம்தான். மூன்று வருடம் முன்பு ஒரு கட்டுரையிலிருந்து பார்த்து எழுதியதைத் தன் வாக்கியம் என்று நினைத்து அத்தியாயத்தில் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். தமிழில் எழுதினால் மென்பொருள் அவ்வளவாகப் பிடிக்காது என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். மென்பொருள் பிடிக்காததை உங்கள் நெறியாளர் பிடித்தார் பாருங்கள்.

மொத்தத்தையும் திரும்ப எடுக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். இரண்டாம் அத்தியாயத்துக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் எடுங்கள், ஓரத்தில் ஆ, சு, நா போட்டுக்கொண்டே போங்கள். எதுவும் போட முடியாத வரிக்குக் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிகளோடு மட்டும் எழும்பூர் போங்கள்.

---

நுண்ணோக்கி

போகும்போது உங்கள் வாதத்துக்கு எதிராக எது கண்ணில் பட்டாலும் அதை அங்கேயே எழுதிவிடுங்கள். டார்வின் அப்படித்தான் செய்வாராம். தன் முடிவுக்கு ஒத்து வராததுதான் சீக்கிரம் மறந்து போகிறது என்று கண்டு, அதை மட்டும் தவறாமல் உடனே குறித்து வைப்பாராம்.

---

சேலம்_சந்திப்பு (ஐந்து வாரம் கழித்து)

நாலாம் நோட்டும் ஐந்தாம் நோட்டும் முடித்தேன். சீட்டுகளை வைத்துப் படங்களில் பாதிக்கு மேல் கட்டு எண் கண்டுபிடித்தாயிற்று. "கூலி குறைந்தது" என்ற வரியின் மூலம் கிடைத்துவிட்டது, குறைந்தது ஆட்கள். கூலிப் பணமும் அந்த மாதம் குறைந்திருக்கிறது, ஆனால் அது வேறு கடிதம். சிவப்பு வட்டப் பத்தி இப்போது இரண்டு பக்கம், அதில் மூன்று பேர் பேசுகிறார்கள், மூவருக்கும் பெயரும் தேதியும் இருக்கிறது.

ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டது. ஐந்தாம் நோட்டில் ஒரு வரி இருக்கிறது: "சாலை எங்கும் போய்ச் சேரவில்லை, அதைப் போட்டவர்களும்தான்." நிவாரண வேலையாகப் போட்டுப் பாதியில் விட்ட ஒரு சாலையைப் பற்றியது. அத்தியாயத்தை இதோடுதான் முடித்திருந்தேன், ஒரு தாசில்தார் எழுதியது என்று. அந்த நாளில் பார்த்த நாலு கட்டையும் திரும்ப எடுத்து இரண்டு நாள் தேடினேன். இல்லை.

---

பழுப்புத்தாள்

அப்படியென்றால் அது நீங்கள் எழுதியது. 1877 தாசில்தார் இப்படி எழுதியிருந்தால் வேலை போயிருக்கும். உங்கள் வரியாகவே போடுங்கள், நன்றாக இருக்கிறது.

---

சேலம்_சந்திப்பு

போட ஆசைதான் அக்கா. ஆனால் அன்று பார்த்து இப்போது திரும்பப் பார்க்காத ஐந்தாவது கட்டு ஒன்று இருக்கிறது, சீட்டு கிழிந்து பாதிதான் இருக்கிறது, எண்ணின் கடைசி இலக்கம் 3 மாதிரியும் தெரிகிறது, 8 மாதிரியும் தெரிகிறது. அதைப் பார்க்காமல் என்னுடையது என்று சொல்ல மனசு வரவில்லை. திங்கட்கிழமை இரண்டையும் கேட்கப் போகிறேன்.